துர்கா பாராத ரயில் வண்டி

கரக்பூர் என்றதும் நம் அன்பர்களுள் பலருக்கு நினைவுக்கு வருவது அதன் நீண்ட பிளாட்பாரமே. சென்னை மெயிலில் ஹௌராவுக்குச் செல்வோர் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே இருப்பார்கள். வண்டி நின்ற பின்னும் பிளாட்பாரம் முடிந்தபாடிராது. 1,072.5 மீட்டர் நீளமுடைய இஃது ஒரு காலத்தில் உலகிலேயே நீளமானது என்று பள்ளிப் புத்தகங்களில் ஏறியிருந்தது. 2013இல் கோரக்பூர் அப்பெருமையைப் பறித்துக்கொண்டது. 2023இல் ஹூப்ளி 1,507 மீட்டர் நீளத்தில் பிளாட்பாரம் அமைத்துக் கோரக்பூரையும் முந்திவிட்டது. பழைய ஊழியர்களுக்கு இதில் இன்னும் மனத்தாங்கல் உண்டு. "நீளத்தை விடுங்கள், நம்மூர் பிளாட்பாரத்தில் எத்தனை பாஷை கேட்கிறது! அதை எவன் அளந்தான்?" என்பார்கள்.

அது மெய்யே. வங்காள நாகபுரி ரயில்வே என்னும் பழைய கம்பெனி இங்கே பெரிய ஒர்க்ஷாப் ஒன்றை எழுப்பியபோது, தேசத்தின் நாற்புறத்திலிருந்தும் தொழிலாளர் வந்து சேர்ந்தனர். தெலுங்கர் மிகப் பலர். வங்காளிகள், ஒடியர், இந்தி பேசுவோர், பஞ்சாபியர் எல்லோரும் உண்டு. தமிழராகிய நாம் சொற்பமே. நம் தந்தையார் வட ஆற்காட்டுப் பக்கமிருந்து ஃபிட்டராக இங்கே வந்தவர். அவர் பணியிலிருக்கும்போதே காலமானார். பத்தாம் வகுப்பு மட்டும் தேறியிருந்த நமக்கு, வயது நிரம்பியதும் கருணை அடிப்படையில் வேலை கொடுத்தார்கள். இன்று ஓர் அலுவலகத்தில் குமாஸ்தாவாக அமர்ந்து, எந்த வண்டி எத்தனை நிமிஷம் தாமதமாக வந்தது, எதனால் என்று அறிக்கை தயாரித்து வருகிறோம். நாள்தோறும் நூற்றுக்கணக்கான வண்டிகள் நம் கையால் காகிதத்தில் ஓடுகின்றன. உண்மையான வண்டியைத் தலை நிமிர்ந்து பார்ப்பதற்குத்தான் நேரமிருப்பதில்லை.

நம் சங்கத்திற்கு ஓர் அறையும் அதில் இரண்டு இரும்பு பீரோக்களும் உண்டு. ஒன்றில் பாத்திரம் பண்டமும் பொங்கல் விழாவிற்கான திரைச்சீலைகளும். மற்றொன்றில் புத்தகங்கள், 300க்குச் சற்று மேல் இருக்கும். இவற்றுள் நாம் விலை கொடுத்து வாங்கியவை குறைவு. பணி ஓய்வு பெற்று அரக்கோணத்திற்கோ திருச்சிக்கோ திரும்புகிறவர்கள் சாமான்களைக் கட்டும்போது, எடை தாளாது என்று புத்தகங்களை நம்மிடம் விட்டுவிட்டுப் போவார்கள். ஆதலால் முதற்பக்கத்தைத் திருப்பினால் போனவர்களின் கையெழுத்து இருக்கும். சில புத்தகங்களில் பழைய மருந்துச் சீட்டும், ஒன்றில் உலர்ந்த வேப்பிலையும் கண்டிருக்கிறோம்.

ஆண்டுதோறும் டிசம்பர் மாதக் கடைசி ஞாயிறன்று இந்த பீரோவின் முன்னால் கூடி, அவ்வாண்டு முழுவதும் தாம் படித்தது என்ன என்பதை ஒவ்வொருவரும் எழுந்து சொல்வது நம் சங்க வழக்கம். சொற்பொழிவு கூடாது, ஐந்து நிமிஷமே. "ஒன்றும் படிக்கவில்லை" என்பவருக்குத் தேநீர் உண்டு, போண்டா கிடையாது. 2024 டிசம்பர் 29ஆம் நாள் நடந்த கூட்டத்திற்கு இருபத்திரண்டு பேர் வந்திருந்தோம். பொதுவாக இக்கூட்டம் கலகலப்பாகத் தொடங்கிக் கலகலப்பாகவே முடியும். இம்முறை முடிந்த விதம் வேறு, அதனாலேயே இக்கட்டுரை.

முதலில் எழுந்தவர் ஒர்க்ஷாப்பில் ஃபோர்மனாக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர். "பொன்னியின் செல்வன், ஐந்து பாகமும், ஐந்தாம் தடவை" என்று சுருக்கமாகவே தொடங்கினார். ஆனால் 2022இலும் 2023இலும் வந்த இரு திரைப்படங்களிலும் விட்டுப்போனவை எவையெவை என்று அவர் விரலை மடக்க ஆரம்பிக்கவே, தலைவர் போண்டாத் தட்டை நீட்டி அவரை அமர்த்தினார். அடுத்து, இங்குள்ள ஐ.ஐ.டி.யில் பயிலும் மாணவர் ஒருவர். அவர் கையில் புத்தகமே இல்லை. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் வாயிலாகத் தமிழ் நூல்கள் கணினியில் இலவசமாகக் கிடைக்கின்றன அல்லவா? அவற்றைத் தம் கைப்பேசியில் இறக்கிப் படிப்பாராம். உ. வே. சாமிநாதையரின் 'என் சரித்திர'த்தை விடுதியில் சாப்பாட்டு வரிசையில் நின்றபடியே மூன்று மாதத்தில் முடித்தாராம். வரிசை அவ்வளவு நீளமா என்று யாரோ கேட்டார்கள்.

எண்பது வயதுப் பாட்டியம்மாள் ஒருவர் சொன்னது எல்லோரையும் கவர்ந்தது. மதுரையிலிருந்து அவருடைய மகள் அப்பளமும் வடகமும் பார்சலில் அனுப்புவது வழக்கம். அவை சுற்றி வரும் பழைய தமிழ்ப் பத்திரிகைத் தாள்களை அவர் கசங்கல் நீக்கி, தலையணைக்கடியில் வைத்துத் தட்டையாக்கிப் படிப்பார். அவ்வாண்டு அவ்விதம் ஒரு தொடர்கதையின் ஓர் அத்தியாயம் வந்து சேர்ந்ததாம். நகையைத் திருப்பிக் கொடுக்கப் போன மருமகள் வாசற்படியில் நிற்கிறாள். தாள் அங்கே கிழிந்துவிட்டது. "அந்தப் பெண் உள்ளே போனாளா இல்லையா? யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டார். ஒருவருக்கும் தெரியவில்லை. இக்கட்டுரையைப் படிக்கும் அன்பர்களுள் எவருக்கேனும் தெரிந்தால் எழுதுங்கள். பாட்டியம்மாள் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

பிறகு சரக்கு வண்டி ஓட்டும் லோகோ பைலட் நண்பர் எழுந்தார். டாட்டாநகர் ரன்னிங் ரூமில் ஓய்வுக்காகத் தங்கும் நேரங்களில் கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்' என்னும் நாவலைப் படித்ததாகச் சொன்னார். (இன்ஜினில் ஏறுமுன் புத்தகம் பெட்டிக்குள் போய்விடும் என்பதையும் சேர்த்துச் சொன்னார், நம் ஆபீசார் இருந்ததால்.) 1976இல் வெளிவந்த அந்நூல், தெலுங்கு நாட்டிலிருந்து அஞ்சி ஓடிவந்த குடும்பங்கள் தெற்கே கரிசல் சீமையில் காட்டைத் திருத்தி ஊரமைத்துத் தங்கிய கதை. 2021இல் மறைந்த கி. ரா.வும் அவ்விதம் வந்த தெலுங்குக் குடியில் பிறந்தவரே. எனினும் கரிசல் தமிழுக்கு அவரைப்போல் வாழ்வு கொடுத்தவர் அரியர். இக்கதையை நண்பர் தம் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் தெலுங்கருக்கு மதில்மேல் சாய்ந்து சொல்லியிருக்கிறார். முழுவதும் கேட்ட அவர், "எங்களவர் உங்கள் நாட்டுக்குப் போய்த் தமிழ் எழுத்தாளர் ஆகிவிட்டார்கள். நீங்கள் இங்கே வந்து என்ன ஆகப் போகிறீர்கள்?" என்று கேட்டாராம். நாமெல்லாரும் சிரித்தோம். சிரிப்பு ஓய்ந்த பின் சற்று நேரம் ஒருவரும் பேசவில்லை.

நம் முறை வந்தது. நாம் அசோகமித்திரனின் 'பதினெட்டாவது அட்சக்கோடு' நாவலைப் பற்றிச் சொன்னோம். 1977இல் வெளிவந்தது. செகந்திராபாத்தில் ரயில்வே குவார்ட்டர்ஸில் வாழும் தமிழ்க் குடும்பத்துப் பையன் சந்திரசேகரன். அவனுடைய கிரிக்கெட்டும் கல்லூரியும் ஒருபுறம். 1947க்கும் 1948க்கும் இடையே நிஜாம் ராஜ்யம் கொந்தளித்துக் கிடந்தது மறுபுறம். அசோகமித்திரனே செகந்திராபாத்தில் பிறந்து வளர்ந்தவர். அவர் தந்தையாரும் ரயில்வேயில் உத்தியோகம் பார்த்தவர். தமிழில் நாவல் என்றால் காவிரிக்கரை, தாமிரபரணிக்கரை என்றே எண்ணியிருந்த நமக்கு, குவார்ட்டர்ஸ் வாசலில் பிறமொழி கேட்டு வளரும் பையனும் கதாநாயகன் ஆகலாம் என்பது பெரிய ஆறுதலாக இருந்தது. இதைச் சொல்லிவிட்டுச் சற்றுப் பெருமிதத்துடனேயே அமர்ந்தோம்.

நமக்குப் பின் நம் மகள் எழுந்தாள். பன்னிரண்டு வயது, ஏழாம் வகுப்பு. 'பதேர் பாஞ்சாலி' என்றாள். பள்ளி நூலகத்திலிருந்து எடுத்து வங்காளத்திலேயே படித்தாளாம். நிஸ்சிந்திப்பூர் என்னும் சிற்றூர். அங்கே ஏழைப் புரோகிதர் ஹரிஹரர். அவர் மனைவி சர்வஜயா. துர்கா என்னும் அக்காள், அப்பு என்னும் தம்பி. அக்காள் பிறர் தோட்டத்தில் மாங்காய் பறித்து, உப்பும் மிளகாயும் சேர்த்துத் தம்பிக்கு ஒளித்துக் கொடுப்பது வரை அவள் கண் விரியச் சொன்னாள். இடையிடையே தமிழ்ச் சொல் அகப்படாமல் வங்கச் சொல்லே வந்தது. ஆயினும் அன்று பேசிய இருபத்திரண்டு பேரில் அவளுக்கு நிகராகப் பேசியவர் வேறிலர். தகப்பன் என்பதால் சொல்லவில்லை.

பீரோவின் சாவியை வைத்திருக்கும் பெரியவர் அவளிடம் மிகுந்த பிரியமுள்ளவர். "நன்றாகச் சொன்னாய் அம்மா. ஆனால் இது தமிழ்ச் சங்கம் அல்லவா? அடுத்த வருஷம் ஒரு தமிழ்ப் புத்தகம் படித்துச் சொல்ல வேண்டும், தெரிந்ததா?" என்றார். அவள் தலையசைத்து உட்கார்ந்தாள். அவர் அறியாதது ஒன்று. அறிந்திருந்த நாம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. வீட்டில் பேசுவாள், அவ்வளவே. ஐந்து வயதில் அவள் தாயார் அகரம் எழுதிக் காட்டத் தொடங்கினாள். பள்ளியில் ஆங்கிலம், இந்தி, வங்காளம் என்று மூன்று எழுத்தும் ஒருங்கே வந்து விழுந்தபோது, 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று நிறுத்தி வைத்தோம். அந்தப் 'பிறகு' ஏழு ஆண்டுகளாக வரவில்லை.

கோல் பஜார் வழியாக நடந்து திரும்பினோம். வழியெல்லாம் பேசாமல் வந்தவள் வீட்டருகே வந்ததும், "அப்பா, நான் படித்ததை உங்களால் படிக்க முடியாது. நீங்கள் படித்ததை என்னால் படிக்க முடியாது. அப்படியானால் நாம் எதைப் பற்றிப் பேசுவது?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை; கணக்குக் கேட்பதுபோல் கேட்டாள்.

மறுநாள் பெரியவரிடம் விஷயத்தை ஒளிக்காமல் சொன்னோம். அவர் ஒன்றும் பேசாமல் சாவியை எடுத்துக்கொண்டு வந்து, பீரோவின் அடித்தட்டில் மண்டியிட்டுத் தேடி, அட்டை போன புத்தகம் ஒன்றை எடுத்தார். அதே 'பதேர் பாஞ்சாலி', தமிழில்! 'நாகம்மாள்' எழுதிய ஆர். சண்முகசுந்தரம் மொழிபெயர்த்தது. வங்க நூல்களைத் தமிழில் தருவதற்கென்றே ஒரு காலத்தில் பலர் உழைத்தார்கள். தாராசங்கர் பந்தோபாத்யாயரின் 'ஆரோக்கிய நிகேதன'த்தைத் த. நா. குமாரஸ்வாமி கொடுத்தார். கல்கத்தாவிலேயே நெடுங்காலம் வாழ்ந்த சு. கிருஷ்ணமூர்த்தி 'நீலகண்ட பறவையைத் தேடி'யைக் கொடுத்தார். நாமோ வங்காளத்திலேயே பிறந்து வளர்ந்தும் அடித்தட்டு வரை குனிந்து பார்த்ததில்லை. கடைசியாக அந்நூலை எடுத்துச் சென்றவர் பெயர் பதிவேட்டில் இருந்தது. அவர் ஊர் திரும்பிப் பதினொரு ஆண்டு ஆகிறது.

பத்து இரவுகளில் படித்து முடித்தோம். நம் மகள் தன் வங்கப் புத்தகத்தை எதிரே விரித்து வைத்துக்கொண்டு, "எங்கே வந்திருக்கிறீர்கள்?" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். சத்யஜித் ராய் 1955இல் எடுத்த திரைப்படத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். அதில் அக்காளும் தம்பியும் நாணற்பூக் காட்டினூடே ஓடிப்போய் ரயில் வண்டியைப் பார்க்கும் காட்சி உலகப் புகழ் பெற்றது. நூலில் அப்படி இல்லை. குழந்தைகள் ரயில் பாதையைத் தேடி ஓடுகிறார்கள். வழி தவறித் திரும்புகிறார்கள். பின்னர் துர்கா காய்ச்சலில் கிடக்கிறாள். உடம்பு தேறியதும் ஒருநாள் ரயில் வண்டியைக் காட்டுவாயா என்று தம்பியிடம் கேட்கிறாள். அவள் தேறவில்லை. பிற்பாடு குடும்பம் ஊரை விட்டுக் காசிக்குப் போகும்போது அப்பு ரயிலில் ஏறுகிறான்; அவளுடைய நினைவும் அவனோடு ஏறுகிறது.

இவ்விடத்திற்கு வந்தபோது இரவு பதினொரு மணி. காலனிக்கு அப்பால் ஏதோ சரக்கு வண்டி போய்க்கொண்டிருந்தது. இத்தனை ஆண்டுகளாக எத்தனை ஆயிரம் வண்டிகளைக் காகிதத்தில் 'தாமதம்' என்று எழுதியிருப்போம்! ஒரு வண்டியைக்கூடப் பாராமல் ஒரு பெண் குழந்தை போய்விட்டாள் என்பதற்கு எந்தப் பத்தியில் எழுதுவது? புத்தகத்தை மூடி வைத்தோம். எதிரே நம் மகள் நம்மையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வந்துவிட்டீர்களா அப்பா, அந்த இடத்துக்கு?" என்றாள்.

அவள்தான் காட்சிலாவுக்குப் போகவேண்டும் என்று சொன்னது. நூலாசிரியர் விபூதிபூஷண் பந்தோபாத்யாயர் தம் இறுதிக் காலத்தில் தங்கி, 1950 நவம்பர் 1ஆம் நாள் மறைந்தது அவ்வூரிலேதான். கரக்பூரிலிருந்து ஏறக்குறைய 100 கிலோமீட்டர். டாட்டாநகர் போகும் பாதை. நாம் அவ்வழியே எத்தனையோ முறை சென்றிருக்கிறோம், இறங்கியதில்லை. பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னதாக, 2025 ஜனவரி 12, ஞாயிற்றுக்கிழமை, மூவருமாகப் புறப்பட்டோம். ஒருநாள் பயணத்திற்காகப் பாஸை வீணாக்க மனம் வராமல் டிக்கெட்டே வாங்கினோம். இல்லத்தரசி இட்லியில் மிளகாய்ப்பொடி தடவி வாழையிலையில் கட்டிக்கொண்டாள். ஹௌராவிலிருந்து வரும் இஸ்பாத் எக்ஸ்பிரஸில் இடம் கிடைத்தது. இஸ்பாத் என்றாலும் எஃகுதான். இப்பாதையில் ஸ்டீல் எக்ஸ்பிரஸ் என்று மற்றொன்றும் ஓடுகிறது. பெயர் வைத்தவர்கள் டாட்டாநகரின் உருக்காலையைத் தவிர வேறு எதையும் நினைக்கவில்லை போலும்.

கலைகுண்டா தாண்டியதும் மண் சிவக்கிறது. ஜார்கிராம் வரும்போது இருபுறமும் சால மரக்காடு. குளிர்காலமாதலால் இலைகள் மங்கிப் புழுதி படிந்திருந்தன. சாலின் உண்மை அழகைக் காண மழைக்குப் பின் வரவேண்டும். கிட்னி கடந்து சாகுலியாவில் ஜார்க்கண்ட் தொடங்குகிறது. 2000ஆம் ஆண்டு நவம்பர் வரை இது பீகார். எதிரே ஒரு சந்தாலி அம்மாள் சிறு பையனுடன் இருந்தார். அவர்கள் பேசியது நம் மூவருக்கும் விளங்கவில்லை. சந்தாலி மொழிக்குத் தனி எழுத்து உண்டென்றும், ரகுநாத் முர்மு என்பவர் 1925இல் அதை வகுத்தார் என்றும் நம் மகள் பள்ளியில் கேட்டறிந்திருந்தாள். இருந்த எழுத்தை நாம் விட்டுவிட்டோம்; இல்லாத எழுத்தை ஒருவர் உட்கார்ந்து உண்டாக்கியிருக்கிறார்.

காட்சிலா சிறிய ஊர். சுவர்ணரேகை நதி பாறைகளுக்கிடையே வளைந்து போகிறது. 'பொற்கோடு' என்று நாம் பெயர்த்துக்கொள்ளலாம். பக்கத்திலேயே மௌபண்டாரில் தாமிர உருக்காலை. ஊருக்குச் சற்று வெளியே புல்டுங்ரி என்னும் சிறு குன்று. கல்கத்தாவின் இரைச்சல் பொறுக்காத வங்காளிகள் காற்று மாற்றத்திற்காக வந்து தங்கும் ஊராக இது நெடுநாளாக விளங்கி வந்தது. விபூதிபூஷண் செல்வர் அல்லர். 1894இல் பிறந்தவர், பள்ளி ஆசிரியராக இருந்தவர், பாகல்பூர்ப் பக்கம் ஒரு ஜமீனின் காட்டு நிலங்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தபோதுதான் 'பதேர் பாஞ்சாலி'யை எழுதினார். அது பத்திரிகையில் தொடராக வந்து 1929இல் நூலாயிற்று. தம் சொந்தச் சிற்றூரின் மூங்கிற் புதரையும் குளக்கரையையும் அந்நியக் காட்டில் உட்கார்ந்து எழுதியிருக்கிறார். வெளியூரில் பிழைக்கும் நமக்கு இது விளங்காத செய்தியன்று.

அவருடைய வீட்டின் பெயர் கௌரி குஞ்ச். மணமான சிறிது காலத்திலேயே இறந்துபோன முதல் மனைவி கௌரியின் பெயரை அதற்குச் சூட்டியிருக்கிறார். மாளிகை என்று எதிர்பார்த்துப் போகிறவர் ஏமாறுவார். நம் குவார்ட்டர்ஸை விடச் சற்றுப் பெரியது, அவ்வளவே. படங்களையும் சில உடைமைகளையும் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். நம் மகள் ஒவ்வொரு படத்தின் கீழும் எழுதியிருந்ததைத் தாயாருக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே போனாள். நாம் பின்னால் நடந்தோம்.

அப்போது பக்கத்திலிருந்து குழந்தைகளின் குரல் கேட்டது. எழுத்துகளைச் சேர்ந்து ஒப்பிக்கும் குரல். எட்டிப் பார்த்தோம். அவ்வீட்டை ஒட்டி 'அப்புவின் பாடசாலை' என்ற பெயரில் வங்க எழுத்துக் கற்பிக்கும் வகுப்பு நடத்துகிறார்கள். கற்பிக்க வந்திருந்த முதியவர் ஒருவர் நம்மை உள்ளே அழைத்தார். நாம் தமிழர் என்று அறிந்ததும் இந்தியில் பேசினார். இங்கே குழந்தைகள் பள்ளியில் படிப்பது இந்தியும் ஆங்கிலமும். வீட்டில் வங்காளம் பேசுகிறார்கள். ஆனால் தாத்தா எழுதும் கடிதத்தைப் படிக்கத் தெரியாது. விபூதிபூஷணின் வீட்டு வாசலிலேயே நின்று, அவர் நூலைப் படிக்கத் தெரியாத வங்கக் குழந்தைகள்! "எங்களுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை, பாபு. ஆகவே தொடங்கினோம்" என்றார்.

நமக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அவர் நம் மகளிடம் வங்காளத்தில் ஏதோ கேட்டார். அவள் தன் பையிலிருந்த 'பதேர் பாஞ்சாலி'யை எடுத்து, தயக்கமின்றி ஒரு பக்கத்தை வாசித்தாள். குழந்தைகள் எழுத்துப் பலகையை விட்டுவிட்டு அவளையே பார்த்தனர். முதியவரின் முகம் மலர்ந்தது. உடனே மற்றொன்றும் கேட்டார். இது நமக்கே விளங்கிற்று: 'தமிழிலும் இப்படிப் படிப்பாயா?'

அவள் நம்மைப் பார்த்தாள். நாம் தாயாரைப் பார்த்தோம். "என் பெயரை மட்டும் எழுதுவேன்" என்று வங்காளத்தில் சொன்னாள். முதியவர் கரும்பலகையையும் சாக்குக் கட்டியையும் காட்டினார். அவள் எழுதினாள். முதல் எழுத்தின் கொம்பு வலப்பக்கம் திரும்பிவிட்டது. அங்கே இருந்த ஒருவருக்கும் அது பிழையென்று தெரியாது, குழந்தைகள் கைதட்டினார்கள். நமக்கும் அவள் தாயாருக்கும் தெரிந்தது. அவளுக்கும் எப்படியோ தெரிந்துவிட்டது, அழித்துவிட்டாள்.

பிற்பகலில் ஆற்றங்கரைப் பாறையில் அமர்ந்து இட்லியைத் தின்றோம். கடைத்தெருவில் டுசு பண்டிகைக்காக வண்ணக் காகிதத்தால் கோபுரம்போல் கட்டிய சௌடல்களை விற்றுக்கொண்டிருந்தார்கள். நாம் பொங்கல் வைக்கும் அதே சங்கராந்தியன்று இப்பக்கத்துக் குடியானவப் பெண்கள் பாட்டுப் பாடி இவற்றை எடுத்துச் சென்று ஆற்றில் விடுவார்களாம். இல்லத்தரசிக்கு ஒன்று வாங்க ஆசை. ரயிலில் நசுங்கிவிடும் என்று தடுத்தோம். அதற்காக இன்றும் பேச்சுக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

மாலை வண்டியில் கூட்டம் மிகுதி. நம் மகள் ஜன்னலோரம் இருந்தாள். ஜார்கிராமுக்கு முன்னால், ஒரு லெவல் கிராசிங் கேட்டருகே இரண்டு குழந்தைகள் நின்று நம் வண்டிக்குக் கையசைத்தனர். அவள் எழுந்து நின்று, அவர்கள் மறையும் வரையில் கையசைத்தாள். பிறகு உட்கார்ந்து, பையிலிருந்த கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, "அம்மா, அந்தக் கொம்பு எந்தப் பக்கம்?" என்று கேட்டாள்.

அன்று முதல் பாடம் நடக்கிறது. எளிதாக நடக்கிறது என்று சொன்னால் பொய். வங்காளத்தில் ககரத்திற்கு வன்மையும் மென்மையுமாக நான்கு எழுத்து, தமிழில் ஒன்றே. "'காகம்' என்பதில் இரண்டு எழுத்தும் ஒன்றுபோலவே இருக்க, ஒலி மட்டும் ஏன் வேறு?" என்று கேட்டாள். பத்தாவது வரை படித்த நாம் விழித்தோம். இல்லத்தரசி 'காகம், பக்கம், தங்கம்' என்று மூன்றையும் அடுத்தடுத்து எழுதிச் சொல்லச் செய்தாள். முதலில் நின்றால் ஒன்று, இரட்டித்தால் ஒன்று, மெல்லினத்தை அடுத்தால் மற்றொன்று; நாக்கே கண்டுகொள்ளும் என்றாள். மகள் ஒப்பவில்லை. பிறகு தானே யோசித்து, வங்காளத்தில் மூன்று சகரத்தை வெவ்வேறாக எழுதிவிட்டு ஒன்றுபோல் ஒலிப்பதை நினைவுகூர்ந்து சிரித்தாள். ஐகாரத்திலும் ஔகாரத்திலும் ஒரு வாரம் அழுகை. பரீட்சைக் காலத்தில் ஒரு மாதம் எல்லாம் நின்றுவிட்டது. இப்போது கடைப் பலகையளவு பெரிய எழுத்தானால் தடங்கலின்றிப் படிக்கிறாள்; சிற்றெழுத்துக்கு விரல் வேண்டியிருக்கிறது. பாட்டியம்மாளின் அப்பளத் தாளில் விளம்பரங்களைப் படித்துக் காட்டி வருகிறாள். பாட்டியம்மாளுக்கு அந்த மருமகள் கதைதான் வேண்டும்.

நாமும் சும்மா இருக்கவில்லை. அவளிடமே வங்க எழுத்துக் கற்கிறோம். கரக்பூர் ஸ்டேஷன் பெயர்ப்பலகையின் வங்க வரியை இத்தனை ஆண்டு அதன் கீழேயே நடந்தும் படித்ததில்லை. சென்ற வாரம் அவளை நிறுத்திக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தோம். இரண்டாம் எழுத்தில் தவறிவிட்டது. "கீழே புள்ளி இருக்கிறதே அப்பா, பார்க்கவில்லையா? அது டகரம் அன்று" என்றாள். புள்ளி இருக்கத்தான் இருந்தது, மழையில் மங்கியிருந்தது.

சண்முகசுந்தரத்தின் மொழிபெயர்ப்பைப் புது அட்டை ஒட்டி பீரோவின் நடுத்தட்டில் வைத்திருக்கிறது. இப்போது அது லோகோ பைலட் நண்பரிடம், டாட்டாநகர் ரன்னிங் ரூமில் இருக்கிறது. அவருக்கு அடுத்து மூவர் பெயர் எழுதியிருக்கிறார்கள்.